சீசாக் கழுத்தில் நிற்கும் தக்காளி

பாஸ்டன் பக்கம் போகிறவர்கள் ஹார்வர்ட் முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசிய இடத்தைப் பார்ப்பார்கள். நான் போனது ஒரு கெட்சப் பாட்டிலின் உட்சுவருக்காக. கேம்பிரிட்ஜில் தொடங்கி, கடலோரமாக நியூயார்க் வந்து, அங்கிருந்து மலைகளைத் தாண்டிப் பிட்ஸ்பர்க் வரை ரயிலிலேயே போவதென்று திட்டம். பற்பசை, கெட்சப், கோந்து, தேன் என்று ஒட்டும் பண்டங்களைக் கலத்தில் அடைக்கவும், அடைத்ததை முழுசாக வெளியே எடுக்கவும் மனிதர்கள் செய்த முயற்சிகளில் பல இந்த ஒரு தடத்தின் ஓரமாகவே நடந்திருக்கின்றன.

முழுசாக எடுப்பதில்தான் என் அக்கறையெல்லாம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 1936 முதல் பொருள்களைச் சோதித்துச் சொல்லி வருகிறது. அவர்கள் 2009இல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பிதுக்கியும் குலுக்கியும் இனி வராது என்று ஆன பிறகு கலத்துக்குள் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தார்கள். உடம்பில் பூசும் லோஷனில் 25 சதவீதம் வரை, துணி துவைக்கும் திரவத்தில் 16 சதவீதம் வரை, கடுகுச் சாஸ், மயோனைஸ் வகைகளில் 15 சதவீதம் வரை உள்ளேயே நின்றது. அந்த மோசமான லோஷன் பாட்டிலை நான்கு முறை வாங்கியவர் மூன்று பாட்டில் அளவுதான் பூசியிருப்பார். நாலாவதன் விலையையும் கொடுத்துவிட்டு அதைக் குப்பையில் போட்டிருப்பார்.

நம் வீடுகளில் இதற்குப் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வழித்தெடுப்பார்கள், கவிழ்த்து வைப்பார்கள், கடைசியில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி ஊற்றிக்கொள்வார்கள். அதைச் சிக்கனம் என்று சிலரும் கஞ்சத்தனம் என்று சிலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே அந்தப் பழியை வாங்கியவர் தலையில் ஏற்றும் பேச்சு. கலத்தைச் செய்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேம்பிரிட்ஜில் மாசச்சூசெட்ஸ் அவென்யூ என்ற ஒரே சாலை ஹார்வர்டையும் எம்ஐடியையும் இணைக்கிறது. நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். அக்டோபர் மாதம், மேப்பிள் மரங்கள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே மாதிரியான சிந்தனை கிளம்பியது எனக்கு ஆச்சரியமான விஷயம். ஹார்வர்டில் ஜொவான்னா ஐசன்பெர்க்கின் குழு 2011இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் பார்த்துக் கற்றது நெப்பந்தஸ் என்ற குடுவைத் தாவரத்திடம். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் பூச்சி தின்னும் செடியாக வருமே, அதே செடிதான். அதன் குடுவை விளிம்பில் நுண்ணிய வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஈரம் ஊறி நின்றால், காலூன்ற இடமில்லாமல் பூச்சி உள்ளே சறுக்கி விழுகிறது. அப்படி ஒரு பரப்பைச் செயற்கையாகச் செய்தால் நீர், எண்ணெய், ரத்தம் எதுவும் ஒட்டாது என்று காட்டினார்கள்.

எம்ஐடியில் கிருபா வாரணாசி என்ற இயந்திரவியல் பேராசிரியரின் ஆய்வகம். அவர் பி.டெக். படித்தது சென்னை ஐஐடியில். பனி ஒட்டாத பரப்பு, எண்ணெய்க் குழாய்களை அடைத்துக்கொள்ளும் ஹைட்ரேட் படிவுகள் என்று பெரிய தொழில்களின் சிக்கல்களை எடுத்துக்கொண்டிருந்த ஆய்வகம் அது. அங்கே முனைவர் பட்ட மாணவராக இருந்த டேவ் ஸ்மித்தும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய பூச்சுக்கு லிக்விகிளைடு என்று பெயர். 2012இல் எம்ஐடியின் தொழில்முனைவோர் போட்டியில் அது பார்வையாளர் விருதை வாங்கியது. கெட்சப் பாட்டிலைச் சாய்த்ததும் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு கறைகூட விடாமல் மொத்தமாக நழுவி வெளியே வரும் காணொளி உலகமெல்லாம் சுற்றியது. பலரும் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தது அந்தக் காலிப் பாட்டிலின் சுவரைத்தான். கழுவி வைத்ததைப் போல இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஆய்வு செய்யும் ஒரு தம்பி. பெரிய தூண்கள் நிற்கும் எம்ஐடி வாசலுக்கு எதிரே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். மேசையில் இருந்த தேன் பாட்டிலை எடுத்துச் சாய்த்துக் காட்டினார்.

"அண்ணா, தேன் நகருதுன்னு நாம சொல்றோம். ஆனா கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு இருக்கிற தேன் நகரவே இல்லை. அதோட வேகம் பூஜ்யம். அதுக்கு மேல இருக்கிறது கொஞ்சம் நகரும், அதுக்கும் மேல இருக்கிறது இன்னும் கொஞ்சம். வைகையில தண்ணி வரும்போது நடுவுல இழுப்பா போகும், கரையோரம் அப்படியே நிக்குமில்லையா, அது மாதிரி."

"கெட்சப்பும் இப்படித்தானா?"

"கெட்சப் இன்னும் பிடிவாதம். தேன் மெதுவாவாவது வந்துரும். கெட்சப்புல தக்காளி நார்த்துகள், பெக்டின் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒரு வலை மாதிரி நிக்குது. இவ்வளவு விசை கொடுத்தாத்தான் அசைவேன்னு ஒரு எல்லை வச்சிருக்கு. அதுக்குக் கீழே எவ்வளவு நேரம் கவிழ்த்து வச்சாலும் திடப்பொருள் மாதிரி இருக்கும். எல்லை தாண்டிட்டா வலை உடையும், உடனே இளகி மொத்தமா தட்டுல விழும்."

லிக்விகிளைடு செய்வது சுவரோடு சண்டை போடுவதை அல்ல; சுவரையே பண்டத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. பாட்டிலின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உள்ள ஒரு பூச்சு. அந்தப் பள்ளங்களில் ஒரு திரவம் ஊறி நிற்கிறது. தந்துகி விசை அதைப் பிடித்து வைத்திருப்பதால் அது வடிந்துவிடாது. கெட்சப் இப்போது திடமான சுவரைத் தொடுவதே இல்லை, திரவத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னிய வலை உடையக்கூடத் தேவையில்லை. அப்படியே கட்டியாகச் சறுக்கி வந்துவிடுகிறது. உணவுப் பொருளுக்கான பூச்சு என்றால் அந்தத் திரவமும் அதன் அடியில் இருக்கும் திடப்பொருளும் சாப்பிட ஏற்றவையாக இருக்க வேண்டும். பண்டத்தோடு கலந்துவிடவும் கூடாது. அதனால் மயோனைஸுக்குச் செய்த பூச்சைப் பற்பசைக்குப் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சமைக்க வேண்டும்.

தாமரை இலைத் தண்ணீரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது; நானும் கேட்டேன். அது வேறு வழி என்றார் தம்பி. தாமரை இலையின் மேலும் மெழுகு மூடிய நுண் மேடுகள் இருக்கின்றன. ஆனால் இடைவெளியில் நிற்பது காற்று. வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1997இல் நைன்ஹுயிஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த விஷயம் பொறியாளர்களிடம் பரவியது. ஜப்பானில் டோயோ அலுமினியம் நிறுவனம் அதைப் பின்பற்றித் தயிர்க் கோப்பைக்கு மூடி செய்தது. மூடியைப் பிரித்தால் அடியில் தயிர் ஒட்டியிருக்காது, உருண்டு விழுந்துவிடும். மூடியில் அவ்வப்போது தெறிக்கும் தயிருக்கு அது போதும். மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டு நிற்கும் கெட்சப்புக்கு முன்னால் அந்தக் காற்று நிலைக்காது. பள்ளத்தில் காற்றுக்குப் பதில் திரவத்தை நிரப்பியதுதான் கேம்பிரிட்ஜ்காரர்கள் எடுத்து வைத்த அடி.

பாஸ்டனின் தெற்கு நிலையத்திலிருந்து ரயில் கிளம்பி ரோட் ஐலண்டைத் தாண்டியதும் கனெக்டிகட் கடற்கரை. சில இடங்களில் தண்ணீர் ஜன்னலுக்குக் கீழேயே வந்துவிடுகிறது. நியூ லண்டனில் இறங்கினேன். ஹெச். ஹெச். ரிச்சர்ட்சன் வடிவமைத்த கனமான செங்கல் நிலையம், அதை ஒட்டியே படகுத்துறை, தேம்ஸ் என்று பெயர் வைத்த ஆறு. இந்தச் சின்ன ஊருக்குப் பயணிகள் பெரும்பாலும் படகு பிடிக்கத்தான் வருகிறார்கள். எனக்கு இது பற்பசை டியூபின் ஊர்.

டியூபின் பிறப்பு ஓவியர்களிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஆணியால் குத்திப் பிதுக்குவது, பிறகு அந்த ஓட்டையை அடைப்பது. பை வெடிக்கும், வண்ணம் காய்ந்து போகும். ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் லண்டனில் வாழ்ந்தபோது தகரத்தில், அதாவது வெள்ளீயத்தில், மடங்கும் டியூபைச் செய்து 1841இல் காப்புரிமை வாங்கினார். நியூ லண்டனில் பல் மருத்துவராக இருந்த வாஷிங்டன் ஷெஃபீல்டு ஜாடியில் விற்ற தன் பற்பசையை இந்த மாதிரி டியூபில் அடைக்கத் தொடங்கினார். அவர் மகன் பாரிஸில் ஓவியர்கள் டியூபிலிருந்து வண்ணம் பிதுக்குவதைப் பார்த்து வந்து சொன்னார் என்பது குடும்பக் கதை. 1896இல் கோல்கேட் நிறுவனமும் டியூபுக்கு வந்தது. அதுவரை ஒரே ஜாடிக்குள் வீட்டிலுள்ள எல்லோரும் பிரஷ்ஷை விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும்.

அந்த உலோக டியூபுக்கு ஒரு குணம் உண்டு. மடித்தால் மடித்தபடியே நிற்கும். வாலிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் உள்ளே இருப்பது முன்னே நகர்ந்துகொண்டே வரும். காலியான இடத்தில் காற்று புக வழியே இல்லை. என் வயதுக்காரர்கள் அலுமினிய டியூபைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது நினைவிருக்கும். கடைசி வாரம் அது சுருட்டிய பீடா அளவுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் டியூபுக்கு அந்தக் குணம் இல்லை. பிதுக்கிய கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது விரிசல் விடாது, எடை குறைவு, பார்வைக்கு எப்போதும் புதிதாக இருக்கும். ஆனால் பண்டத்தை வெளியே கொடுக்கும் வேலையில் 1841ஆம் ஆண்டு டியூபைவிட அது பின்னால்தான் நிற்கிறது. தோள் பகுதியில் நிற்கும் பசையை எடுக்கக் கத்தரிக்கோல் தேடுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் செய்வது, தொழிற்சாலை விட்டுவிட்ட வேலையை.

நியூயார்க்கில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை மொய்னிஹான் கூடத்திலிருந்து பென்சில்வேனியன் என்ற ரயிலைப் பிடித்தேன். பிலடெல்பியா, லாங்காஸ்டர், ஹாரிஸ்பர்க் என்று பகல் முழுக்க மேற்கே போகும் வண்டி. ஆல்டூனா தாண்டியதும் குதிரைலாட வளைவு. 1854இல் அலெகெனி மலையை ஏறுவதற்காகப் போட்டது. வண்டியின் தலையும் வாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள்.

சிற்றுண்டிப் பெட்டியில் ஹாட் டாக் வாங்கினால் கூடவே கெட்சப் பாக்கெட் தருகிறார்கள். ஹெய்ன்ஸ் 1968 முதல் விற்று வரும் அந்தச் சின்னப் பாக்கெட்டில் 9 கிராம்தான் இருக்கும். பல்லால் கிழித்து, விரலால் நீவி நீவித் தள்ளினாலும் நாலு மூலையிலும் கொஞ்சம் நிற்கும். 2010இல் மூன்று மடங்கு பிடிக்கும் இன்னொரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் நுனியைக் கிழித்துப் பிதுக்கலாம், அல்லது மூடியை உரித்துத் தொட்டுச் சாப்பிடலாம்.

பாக்கெட்டைப் பார்த்ததும் எனக்குக் கடலூர் நினைவுக்கு வந்தது. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய பிள்ளைகள் அதை இந்தியா முழுக்கக் கொண்டுபோனார்கள். பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போடலாம் என்று ஆனது பெரிய மாற்றம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒட்டி நிற்கும் கணக்கு சின்னப் பாக்கெட்டுக்குப் பாதகமானது. சுவரில் படியும் படலத்தின் கனம் பெரிய கலத்திலும் சிறிய கலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கலம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே பிடிக்கும் அளவு வேகமாகக் குறைகிறது. சுவர்ப் பரப்பு அந்த வேகத்தில் குறைவதில்லை. ஆகவே குறைவாக வாங்குகிறவர் விகிதத்தில் அதிகமாக இழக்கிறார். அன்றாடம் காய்ச்சிக் குடிக்கும் குடும்பங்கள் வாங்குவது பாக்கெட்டைத்தான். மிச்சம் ஒட்டாத பூச்சு யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் சொல்வேன்.

ஜான்ஸ்டவுன், கிரீன்ஸ்பர்க் எல்லாம் இருட்டில் கடந்தன. பிட்ஸ்பர்க்கில் இறங்கும்போது இரவாகிவிட்டது.

மறுநாள் காலை ஸ்ட்ரிப் மாவட்டத்துக்கு நடந்தேன். அலெகெனி ஆற்றை ஒட்டிய பழைய சந்தைப் பகுதி. மீன் கடை, இத்தாலிய மளிகை, நடைபாதையில் காலை உணவு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெய்ன்ஸின் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள், இப்போது குடியிருப்புகள். இந்தப் பக்கம் ஸ்மால்மன் தெருவில், ஒரு காலத்தில் ஐஸ் கிடங்காக இருந்த கட்டடத்தில், செனட்டர் ஜான் ஹெய்ன்ஸ் வரலாற்று மையம். 400க்கும் மேற்பட்ட கெட்சப் பாட்டில்களை அடுக்கிச் செய்த ஒரு ராட்சத பாட்டில் அங்கே நிற்கிறது. பள்ளிக் குழந்தைகள் அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹென்றி ஜான் ஹெய்ன்ஸ் பிட்ஸ்பர்க்கில் 1844இல் பிறந்தவர். பக்கத்து ஷார்ப்ஸ்பர்க்கில் வளர்ந்தார். 1869இல் அவர் விற்கத் தொடங்கியது குதிரைமுள்ளங்கித் துருவல். மற்றவர்கள் பச்சை, பழுப்புக் கண்ணாடியில் அடைத்துக் கலப்படத்தை மறைத்த காலத்தில், இவர் நிறமில்லாத கண்ணாடியில் அடைத்தார். வாங்குகிறவர் கண்ணால் பார்த்து நம்பட்டும் என்பது அவர் எண்ணம். 1875இல் தொழில் நொடித்துத் திவாலானார். அடுத்த ஆண்டே மறுபடி தொடங்கினார். கெட்சப் அப்போது வந்தது. எட்டுப் பட்டை பாட்டிலுக்கு 1890இல் காப்புரிமை வாங்கினார்.

அருங்காட்சியகத்தில் அந்தப் பாட்டிலின் முன் வெகுநேரம் நின்றேன். அழகான பொருள். கழுத்து குறுகலாக இருப்பதால் காற்று படும் இடம் குறைவு; மேலே கறுத்துப்போவது குறையும். நேர்மையான காரணத்துக்காக வந்த கழுத்து அது. பிறகு நடந்ததுதான் கதையின் திருப்பம். அன்றைய கெட்சப்புகள் நீர்த்தவை. கெடாமல் இருக்க சோடியம் பென்சோவேட் சேர்ப்பார்கள். 1906இல் அமெரிக்காவில் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்த காலத்தில் இந்த வேதிப்பொருளைப் பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. ஹெய்ன்ஸ் அதை விட்டுவிட்டார். அதற்கு ஈடாக நன்கு பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை. பழுத்த தக்காளியின் பெக்டினால் கெட்சப் கெட்டியானது. பாட்டில் 1890இலேயே நின்றுவிட்டது. நீர்த்த பண்டத்தின் காலத்தில் செய்த கழுத்து வழியாகக் கெட்டிப் பண்டம் இறங்க வேண்டியதாயிற்று. கலப்படத்தை எதிர்த்து ஒரு மனிதர் செய்த நல்ல காரியத்தின் பக்கவிளைவை நூறு ஆண்டுகளாக எல்லோரும் பாட்டிலின் பிட்டத்தில் தட்டிக்கொண்டு அனுபவித்தார்கள்.

பிறகு கெட்டித்தனமே தரத்தின் அடையாளமாகிவிட்டது. அமெரிக்கச் சட்டப்படி கெட்சப்பை பாஸ்ட்விக் என்ற அளவுத் தொட்டியில் விட்டால் 20 டிகிரி செல்சியஸில் 30 விநாடியில் 14 சென்டிமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. மணிக்கு 0.028 மைல்தான் தங்கள் கெட்சப்பின் வேகம் என்பதை ஹெய்ன்ஸ் பெருமையாகச் சொல்லும். 1970களில் கார்லி சைமனின் "ஆன்டிசிபேஷன்" பாட்டைப் பின்னணியில் வைத்து, கெட்சப் இறங்கக் காத்திருப்பதே ஒரு சுகம் என்று விளம்பரம் செய்தார்கள். வராததை விற்பனைச் சரக்காக்கிய அந்தச் சாமர்த்தியம் என்னை உறுத்துகிறது. காத்திருந்தவருக்கு முதல் கெட்சப் கிடைத்தது. கடைசிக் கெட்சப் கிடைத்ததா என்று அந்த விளம்பரம் பேசவில்லை.

நண்பகலில் பக்கத்து உணவகத்தில் உட்கார்ந்தபோது மேசையில் அதே கண்ணாடி பாட்டில். பரிமாறிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். நான் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அப்படிப் பிடிக்காதீர்கள். கொஞ்சம் சாய்த்தால் போதும். கழுத்தில் 57 என்று புடைத்திருக்கிறதே, அங்கே உள்ளங்கை ஓரத்தால் தட்டுங்கள்."

தட்டினேன். வந்தது. அடியில் தட்டினால் விசை மொத்தப் பண்டத்துக்கும் பரவி வீணாகிறது. கழுத்தில் தட்டினால் வாசலை அடைத்து நிற்கும் பகுதியின் வலை உடைந்து இளகுகிறது, சாய்ந்த பாட்டிலில் காற்று உள்ளே போகவும் வழி கிடைக்கிறது. மதுரைத் தம்பி சொன்ன எல்லைக்கோட்டை இந்த அம்மா கையாலேயே அறிந்து வைத்திருக்கிறார்.

அவரிடம் கேட்டேன், தீரும் நிலையில் உள்ள பாட்டில்களை என்ன செய்வீர்கள் என்று. இளம் வயதில் வேறு இடத்தில் வேலை பார்த்தபோது இரவு கடை மூடியதும் பாதிப் பாட்டில்களை வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்து நிறுத்துவார்களாம். விடிவதற்குள் ஒன்று நிறைந்துவிடும். அதற்கு "கல்யாணம் செய்து வைப்பது" என்று பெயர். சுகாதாரத்துறை பல இடங்களில் அதைக் கண்டிக்கிறது, இங்கே செய்வதில்லை என்றார். "வீட்டில் நான் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் பாட்டில்தான் வாங்குகிறேன். என் விரல் மூட்டுகளுக்கு இந்தக் கண்ணாடி ஆகாது."

அந்தக் கவிழ்ந்த பாட்டிலுக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றி அருங்காட்சியகத்துக் கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மிச்சிகனில் மிட்லாண்ட் என்ற ஊரில் அச்சு வார்ப்புத் தொழில் செய்துவந்த பால் பிரவுன். 1991இல் அவர் சிலிகோனில் ஒரு சின்ன வால்வு செய்தார். குறுக்கே பிளந்த ஒரு வட்டத் தகடு. பிதுக்கினால் நாலு இதழாகத் திறக்கும், விட்டால் உடனே மூடிக்கொள்ளும், ஒரு சொட்டும் ஒழுகாது. முதலில் ஷாம்பு பாட்டில்களுக்குப் போனது. ஹெய்ன்ஸ் 1983இலேயே பிதுக்கும் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதை மூடி மேலே இருக்க நிமிர்த்திதான் வைத்தார்கள். வால்வைப் போட்டு, பாட்டிலை மூடியின் மேலேயே நிற்கும்படி கவிழ்த்து விற்றது 2002இல். நம் பாட்டிமார் அடுக்களையில் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து வைத்த அதே வேலையைப் பாட்டிலே செய்கிறது. அடுத்த முறை எடுக்கும்போது பண்டம் வாசலில் காத்திருக்கும். நுண் மேடுபள்ளமும் தந்துகி விசையும் எனக்கு வியப்பு தருகின்றன. ஆனால் இதுவரை மூட்டுவலிக்காரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வால்வுதான். மிட்லாண்டுக்காரருக்கு ஒரு தனிக் கூடம் கட்டினாலும் தகும்.

லிக்விகிளைடின் பாதை மெதுவானது. 2015இல் எல்மர்ஸ் என்ற கோந்து நிறுவனத்தோடும், மயோனைஸுக்காக நார்வேயின் ஓர்க்லாவோடும் ஒப்பந்தங்கள் ஆயின. 2021இல் கோல்கேட் ஐரோப்பாவில் எலிக்சிர் என்ற பற்பசையை வெளியிட்டது. ஒளி ஊடுருவும் பெட் பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே லிக்விகிளைடு பூச்சு. பசை முழுதும் நழுவி வருவதால் சுத்தமான பாட்டில் மறுசுழற்சிக்குப் போகிறது. மறுசுழற்சிக்கூடத்தில் பசை அப்பிய பிளாஸ்டிக்கைக் கழுவுவதற்கு ஆகும் தண்ணீரை நினைத்தால் இந்தப் பயன் சின்னதல்ல. 1869இல் ஹெய்ன்ஸ் நிறமில்லாத கண்ணாடியை எடுத்ததற்கும் இதற்கும் எனக்கு ஓர் உறவு தெரிகிறது. அன்று, நீங்கள் வாங்குவது இதுதான் என்று கலம் காட்டியது. இது, நீங்கள் வாங்கியதெல்லாம் வந்துவிட்டது என்று காட்டுகிறது.

ஏன் இன்னும் பரவவில்லை? ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிப் பூச்சு, நிரப்பும் எந்திர வரிசையில் ஒரு கூடுதல் வேலை, ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடுதல் செலவு. இவை உண்மையான காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே நின்றுபோகும் பங்குக்கும் விலை வந்துவிட்டது; மிச்சம் நின்றால் அடுத்த பாட்டில் சீக்கிரம் விற்கும். அதைக் குறைக்க ஒரு தொழிற்சாலைக்கு என்ன அவசரம்? சட்டமும் கேட்பதில்லை. எடையளவு அதிகாரிகள் பார்ப்பது பாட்டிலுக்குள் எவ்வளவு போட்டார்கள் என்பதை. எவ்வளவு வெளியே வந்தது என்பது யார் கணக்கிலும் இல்லை.

அன்று மாலை ஊர் திரும்பும் முன் ஒரு பெரிய மளிகைக்கடைக்குள் போனேன். கெட்சப் வரிசை முழுக்கக் கவிழ்ந்த பாட்டில்கள். அடுத்த வரிசையில் லோஷன்கள். குழாய் எட்டாத அடிப்பகுதியோடு நிமிர்ந்தே நிற்கின்றன. குளிர்பெட்டியில் பீய்ச்சும் கிரீம் டப்பாக்கள் இருந்தன, கேக்கின் மேல் பூப்போல வைப்பார்களே, அது. ஒன்றை எடுத்து லேபிளைப் பார்த்தேன். அமெரிக்க உணவு விதியில், அழுத்தத்தால் பீய்ச்சும் இந்த மாதிரி கலங்களுக்கு மட்டும் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. சொன்ன முறைப்படி பயன்படுத்தினால் வெளியே எவ்வளவு வருமோ, உந்துவாயுவையும் சேர்த்து, அதைத்தான் நிகர அளவாக அச்சிட வேண்டும். உள்ளே தங்கிவிடுவதை எண்ணிக் காட்டக் கூடாது. ஆக, வெளியே வருவதை அளந்து எழுதுவது முடியாத காரியம் இல்லை. ஒரு பண்டத்துக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. லோஷனுக்கும் கெட்சப்புக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் அதே விதியை எழுதினால், 25 சதவீதத்தை உள்ளே நிறுத்தும் பாட்டில் அந்த 25 சதவீதத்தைத் தன் லேபிளிலேயே குறைத்துக்கொள்ள வேண்டிவரும். பூச்சு வேண்டுமா, வால்வு வேண்டுமா, மடங்கும் டியூப் வேண்டுமா என்பதைத் தொழிற்சாலைகள் பிறகு தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்.